கேமரா வாத்தியார்

வாத்தியார்களில் எத்தனையோ ரகம் பார்த்திருப்பீர்கள். பிரம்பைத் தட்டித் தட்டிப் பாடம் நடத்துகிறவர், பாடத்தை விட்டுவிட்டுத் தன் இளமைக் கதையை நடத்துகிறவர், மூக்குக்கண்ணாடியைத் தேடியே ஒரு பீரியடை ஒப்பேற்றுகிறவர். அந்த வரிசையில் புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்தான் கேமரா வாத்தியார். அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். இவர் எந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது என்று பார்ப்பார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் பக்கத்து வகுப்பு வாத்தியார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான்.

நல்ல மனிதர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் மேல் பாயாதீர்கள். குழாயிலிருந்து சொட்டும் ஒரு துளியைப் படமெடுத்து, மெதுவாக ஓடவிட்டு, அது தரையில் விழுந்து சிதறுவதைக் காட்டினார் பாருங்கள், என் வகுப்புப் பிள்ளைகளும் தடுப்புக்கு மேலே ஏறி எட்டிப் பார்த்தார்கள். இலைகளைப் படமெடுத்து வரச்சொல்லி, பெரிதாக்கி, நரம்பு எண்ண வைத்தார். அதெல்லாம் சரி. பாடத்துக்காகப் போன் வந்த காலம் போய், போனுக்காகப் பாடம் நடக்கிற காலம் எப்போது வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

உப்புக் கரையும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு கலக்கு. இரண்டு நிமிட வேலை. இவரிடம் அது முக்கால் மணி நேரம். சாக்பீஸ் டப்பா, அதன் மேல் இரண்டு டிபன் பாக்ஸ், அதன் மேல் அகராதி, அதன் மேல் சாய்த்து வைத்த போன்.

"கலக்கு. நில்லு, நில்லு, உன் தலை மறைக்குது. அதுக்குள்ள கரைஞ்சிடுச்சா? இன்னொரு ஸ்பூன் போடு. இந்தத் தடவை எல்லாரும் கொஞ்சம் ஆச்சரியப்படுங்க."

"போன தடவையே ஆச்சரியப்பட்டோமே சார்."

"அது ரெக்கார்ட் ஆகல."

அந்த மாதத் தேர்வில் ஒரு பிள்ளை எழுதிய விடை: 'உப்பு தண்ணீரில் மூன்று தடவை கரையும். மூன்றாவது தடவை நாம் ஆச்சரியப்பட வேண்டும்.' மதிப்பெண் போடுவதா வேண்டாமா என்று தவித்து, பாதி போட்டார். போட்டுவிட்டு விடைத்தாளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

எடுத்ததெல்லாம் எங்கே போகும்? ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு. தலைமையாசிரியை அதற்கு ஒரு கட்டைவிரல் போடுவார். அது வரும்வரை நம் ஆள் பாதிக் கணக்கில் நின்றுகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்துவிட்டால் மீதிக் கணக்கு பறக்கும். வராவிட்டால் அன்றைக்கு வீட்டுப்பாடம் ஜாஸ்தி.

இவர் வகுப்பில் தையற்காரரின் மகள் ஒருத்தி, பத்து வயது. வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் சார்' சொல்வதோடு சரி. வாசி என்று எழுப்பினால் உதடு ஒட்டிக்கொள்ளும். வருஷம் முடிவதற்குள் எல்லார் முன்னாலும் ஒரு பாடமாவது சத்தமாக வாசித்துக் காட்டாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். அவளுடைய அம்மா தினமும் சாயங்காலம் பள்ளி வாசலில் நின்று, "இன்னைக்காவது வாசிச்சாளா சார்?" என்று கேட்பார்.

இங்கேதான் நம் ஆளுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. "வீட்ல உங்க போன்ல வாசிச்சுப் பதிவு பண்ணி எனக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கம்மா." அனுப்பினாள். முதல் வாரம் ஒரே ஒரு வரி. மூன்றாவது மாதம் முழுப் பக்கம், பின்னால் தையல் மெஷின் சத்தத்தோடு. ஒவ்வொன்றையும் போனைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பினார். இதைப் பாராட்டாமல் இருக்க நான் என்ன கல்லா?

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. "அடுத்த பாடம் யார் வாசிக்கிறீங்க?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார். தையற்காரரின் மகள் எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே எழுந்து வாசிக்க ஆரம்பித்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். வகுப்பு மொத்தமும் அவள் பக்கம் திரும்பியிருக்க, வாத்தியார் மட்டும் குனிந்து டிராயரில் போனைத் தேடினார். கிடைத்தது. 'இடம் போதவில்லை' என்றது. உப்பு வீடியோ மூன்றையும் அழித்தார். இலைகளை ஒவ்வொன்றாக அழித்தார். ஒருவழியாகச் சிவப்புப் புள்ளி தெரிந்து தலை நிமிர்ந்தபோது அவள் கடைசி வரியை முடித்திருந்தாள்.

"பிரமாதம்மா. இப்ப முதல்லேர்ந்து இன்னொரு தடவை. இந்தப் பக்கம் திரும்பி."

அவள் போனைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வாசலில் அம்மா. செய்தி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"வாசிச்சாளாமே சார். எப்படி வாசிச்சா?"

வாத்தியார் போனை எடுத்தார். அதில் இருந்தது பதினோரு விநாடி: ஒரு சிறுமி பெஞ்சில் உட்காருகிறாள். போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற வகுப்புத் தலைவிதான் பதில் சொன்னாள்.

"சூப்பரா வாசிச்சா ஆன்ட்டி. எங்கேயும் நிறுத்தவே இல்ல. சார்தான் கேக்கல."

வகுப்பில் மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளின் வார்த்தையை நம்பி அவளுக்குத் தேர்ச்சி போட்டார். எனக்கு அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தவர் அவர் ஒருத்தர்தானே.

நீங்கள் வாத்தியார் இல்லை, உங்களுக்கென்ன என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். இன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் பிள்ளை ஓடிவந்து, "இங்க பாருங்களேன்" என்று கையை விரித்து ஒற்றைக் காலில் நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் கை எங்கே போகிறது என்று மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். பைக்குள் போனால் சீக்கிரம் தேடுங்கள் சார். பிள்ளை எவ்வளவு நேரம்தான் ஒற்றைக் காலில் நிற்கும்?