வேலைநிறுத்தத்துக்கு அறுபது மதிப்பெண்

என் பல்செட்டின் மேல் ஆணை, அதைத் தாங்கி நிற்கும் இரண்டு சொந்தப் பற்களின் மேல் ஆணை: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். உலகத்தில் எங்கெங்கோ தொழிலாளர்கள் அடிபட்டு, சிறைபட்டு, உயிர்விட்டு உரிமைகளைப் பெற்றார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல், அறுபதுக்கு அறுபது மதிப்பெண்ணோடு உரிமை பெற்ற இடம் எங்கள் சமுதாயக் கல்லூரி ஒன்றுதான். அங்கே முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் தையல், ஏசி மெக்கானிக் வகுப்புகளோடு 'தொழிலாளர் வரலாறும் உரிமைகளும்' என்ற பாடமும் உண்டு. நடத்தியவர் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் மேடம். எட்டு மணி நேர வேலைக்காக நடந்த போராட்டத்தைத் தன் வேலைநாளின் பத்தாவது மணி நேரத்தில் உருக்கமாக நடத்துவார். மே தின வரலாற்றுக்கு மே தினத்தன்றே சிறப்பு வகுப்பு வைத்தோம். லீவு எடுத்தவர்களுக்கு வருகைப்பதிவு வெட்டப்பட்டது.

சிக்கல் ஒரு விதியால் வந்தது. எந்தப் பாடமானாலும் எழுத்துத் தேர்வுக்கு நாற்பது, செய்முறைக்கு அறுபது. தையலுக்கு மெஷின் இருக்கிறது. உரிமைக்கு என்ன இருக்கிறது? பிரின்சிபால் தலைமையில் குழு மூன்று தடவை கூடி, ஆறு தடவை டீ குடித்து, ஒரு முடிவுக்கு வந்தது: செய்முறை என்பது வேலைநிறுத்தம். தேவையான கருவிகள்: வாசல் ஒன்று, நிர்வாகம் ஒன்று, கோரிக்கை ஒன்று. முதல் இரண்டும் கைவசம் இருந்தன.

மூன்றாவதை மேடம் வகுப்பில் கேட்டார். அது மாலை வகுப்பு. பகலெல்லாம் எங்காவது உழைத்துவிட்டு வருகிறவர்கள். துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் எழுந்தாள்.

"மேடம், நம்ம வாட்ச்மேன் அண்ணன் பன்னெண்டு மணி நேரமும் நின்னுக்கிட்டே இருக்காரு. கால் நரம்பெல்லாம் சுருண்டு வீங்கிக் கெடக்கு. இன்னும் ரெண்டு மாசம் இப்படி நின்னா அப்புறம் நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவருக்கு ஒரு நாற்காலி கேப்போம்."

சேதி போனதும் வாட்ச்மேன் பதறிப்போனார்.

"வேணாம்மா. உக்கார எடம் கேட்டேன்னு தெரிஞ்சா நிக்கிற எடமும் போயிரும்."

"நீங்க கேக்கலண்ணே, நாங்க கேக்கறோம். உங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"அப்ப சரி. என் விஷயத்துல பாதி எனக்குச் சம்பந்தமில்லாமதான் நடக்குது."

பிரின்சிபால் சுற்றறிக்கை விட்டார்: 'போராட்டம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு வெற்றி பெற வேண்டும். கோஷங்களை மூன்று பிரதிகளில் முன்கூட்டியே சமர்ப்பிக்க வேண்டும்.' சமர்ப்பித்தார்கள். 'ஒழிக' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து 'மறுபரிசீலனை செய்க' என்று திருத்திக் கொடுத்தார். முஷ்டியை உயர்த்தி 'நிர்வாகமே, மறுபரிசீலனை செய்க' என்று கூவிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வீரம் புரியும்.

வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். நாற்காலி கோரும் போராட்டத்தை மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து உன்னிப்பாகக் கவனித்தார்.

"உன் ஆத்திரம் தொண்டையோட நின்னுருதேம்மா. அடிவயித்துலேர்ந்து வரணும். ரெண்டு மார்க் போச்சு."

"நாள்பூரா சிரிச்சமுகமா நிக்கச் சொல்ற கடை சார். முகம் அப்படியே பழகிப்போச்சு" என்றாள் துணிக்கடைப் பெண்.

கூரியர் வேலை பார்க்கும் மாணவன் மட்டும் வரவில்லை. மேடம் போன் போட்டார். "வேலைநிறுத்தம்னா வராம இருக்கறதுதானே மேடம்?" என்றான். வகுப்பிலேயே பாடம் சரியாகப் புரிந்தது அவனுக்குத்தான். ஆப்சென்ட் போட்டு ஃபெயில் ஆக்கினோம்.

மணி ஏழு அடித்தது. "ஆச்சு, கெளம்புங்க" என்றார் பிரின்சிபால்.

"நாற்காலி எங்க சார்?" என்றாள் துணிக்கடைப் பெண்.

"என்ன நாற்காலி?"

"கேட்டோமே."

"அதான் கேட்டாச்சே. கேக்கறதுக்குத்தான் மார்க்கு. கெடைக்கறது சிலபஸ்லயே இல்லம்மா."

அவள் வாசலுக்குக் குறுக்கே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே மொத்த வகுப்பும் உட்கார்ந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த ஒரே தொழிலாளி வாட்ச்மேன்தான்.

தேர்வாளர் சிலிர்த்துப்போனார். "பேஷ், இது அடிவயிறு. அந்த ரெண்டு மார்க்கைத் திருப்பித் தரேன்."

பிரின்சிபாலின் காரோ வாசலுக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்டது. வீட்டிலிருந்து போன் மேல் போன். எட்டு மணிக்கு அவருடைய மனம் தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. துணிக்கடைப் பெண்ணின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, 'காவலருக்கு நாற்காலி ஒன்று உடனே வழங்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். தேர்வாளர் சாட்சிக் கையெழுத்திட்டார். கூரியர்காரனைத் தவிர அனைவருக்கும் அறுபதுக்கு அறுபது.

மறுநாள் காலை வாட்ச்மேன் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து ஸ்டோர்ஸுக்கு வந்தார்.

"சார், 'உடனே'ன்னு போட்டிருக்கு."

நான் கண்ணாடியை மாட்டி மூன்று தடவை படித்தேன். அவசரப்பட்டுப் படிக்கிற வாசகமா அது?

"இது ரெக்கார்டு நோட்டுய்யா. ரெக்கார்டுல தவளைய அறுத்தா மாதிரி படம் போடுவாங்க, தவளை செத்தா போகுது? அதோட, வாட்ச்மேன்ங்கறது நிக்கிற போஸ்ட். உக்கார்ற போஸ்டா மாத்தணும்னா மேலிடத்துக்கு எழுதணும். அதையும் விடு, ஸ்டோர்ஸ்ல நாற்காலியே இல்ல."

"அப்படியே எழுதிக் குடுத்துருங்க சார். பசங்க கேப்பாங்க, பாவம், ரொம்ப மெனக்கெட்டாங்க."

'இருப்பு இல்லை' என்று அழகாக எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் போராட்டத்தின் புகைப்படம் இன்றும் கல்லூரி விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் கம்பீரமாக இருக்கிறது. கீழே 'உரிமைகளைக் கற்போம், வெல்வோம்' என்ற வாசகம். மேடத்துக்கு அடுத்த பருவத்தில் நிர்வாகம் முழு ஓய்வு வழங்கிக் கௌரவித்தது. வாட்ச்மேன் இன்னும் இரண்டு மாதம் நின்றார். மூன்றாம் மாதம் புது வாட்ச்மேன் நின்றார்.

நான் 'இருப்பு இல்லை' என்று எழுதிக் கொடுத்த அன்று ஸ்டோர்ஸில் இருநூற்றுப் பதினோரு நாற்காலிகள் இருந்தன, நான் உட்கார்ந்திருந்ததைச் சேர்க்காமல்.