காலிப் பெட்டியின் மூச்சு

பெட்டிக்குள் எலியே இல்லை. ஆனால் திரையில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அவசரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தான். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்; சொந்தப் பெயர் அவன் பெண்டாட்டிக்கே மறந்துபோயிருந்தது. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி அது. எலியை உள்ளே விட்டு, கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அதன் மூச்சு எப்படி வேகமெடுக்கிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். காலியாக இருந்தால் கோடு தேமே என்று நேராகக் கிடக்க வேண்டும். இதுவோ அயர்ந்து தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி ஏறி ஏறி இறங்கியது.

"என்ன தம்பி, எலியை உள்ள விடலாமா?" வாசலோரம், ஆய்வுக்குக் கொண்டுவந்த எலிக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எலிக்காரர் கேட்டார்.

"இருங்கண்ணே, உள்ள ஏற்கெனவே யாரோ இருக்காங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவனே பெட்டி மேல் கவிழ்ந்து உள்ளே உற்றுப் பார்த்தான்.

மதியத்துக்குள் இந்தக் கருவி சரியாகவில்லை என்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். பழுதுபார்க்கிறேன் என்று இதற்கு முன் இரண்டு கருவிகளை ஒழித்துக்கட்டிய புண்ணியவான் அவன்.

காற்றாட்டமாக இருக்குமோ என்று மின்விசிறியை நிறுத்தினான். கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னலைச் சாத்தினான். கோடு பெருமூச்சு விட்டது. உள்ளே எதுவாக இருந்தாலும் திணறி ஓடட்டும் என்று வாயுவைத் திருகினான். கோடு தலைதெறிக்க ஓடியது. அவனுக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"உங்களுக்கு ஏன் தம்பி இப்படி இரைக்குது?"

"பயம்ண்ணே! பின்ன, கொட்டாவியா வரும்?"

அடித்துப் பிடித்து வாயுவை மூடினான். கோடு அடங்கியது. அவனுக்கும் நெஞ்சு லேசானது. கூண்டிலிருந்த எலிகள் மூலையில் ஒண்டிக்கொண்டு பார்த்தன. பெட்டியை அல்ல, அவனை.

டாக்டரம்மா உள்ளே வந்தார். அவன் உளறிக்கொட்டினான்.

"காலிப் பெட்டி மூச்சு விடுதா? நல்லாருக்குய்யா கதை! மூடி சரியா பொருந்தாம அது மேலயே கவுந்துகிட்டு நின்னா உன் மூச்சுதான் பதியும். எங்க, மூச்சைப் பிடி பாக்கலாம்."

பிடித்தான், கோடு படுத்துக் கிடந்தது. விட்டான், எழுந்துகொண்டது.

"அட ஆமாம்மா! என்னோடதேதான்!"

வேலை தப்பித்த சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடியும் பிடித்துக் காட்டினான், மறுபடியும் விட்டுக் காட்டினான்.

"போதும், வித்தை காட்டாத. அணைச்சுட்டு மொதல்லேருந்து ஆரம்பி" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா தானே சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

எலிக்காரர் கூண்டைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, ஆஃப் பண்ணிடாதீங்கம்மா! நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒவ்வொரு தடவையும் மொதல்ல கோடுதான் நிக்குது... அப்புறந்தான் தம்பிக்கு மூச்சு நிக்குது!"