கல்லறைக் காவல்காரனின் பலம்

இந்த வருஷம் பொய் சொல்வதில்லை என்று தேவதாஸ் முடிவெடுத்தார். அறுபத்து மூன்று வயதில் அது லேசான காரியமா? முதல் வருஷம் கல்லறைத் திருநாளன்று அவருக்கு வயிற்றுவலி. இரண்டாம் வருஷம் கெமாஸில் யாரோ இறந்துபோனார்கள். யார் என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது. இந்த வருஷம் நேர்மையாகவே கல்லறைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டும். அதற்கு ஒரே வழி, பெண்டாட்டி அகதாவிடம் பந்தயம் கட்டி ஜெயிப்பது.

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் செம்பனை லோரி ஓட்டியவர் தேவதாஸ். குறுக்கே வந்த புலியை ஹார்ன் அடித்தே ஓரம் போகச் சொன்னவர். புலியும் போயிற்று. அப்படிப்பட்டவருக்கு, அடக்கம் முடிந்த நாளுக்குப் பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்ட மட்டும் கால் வரவில்லை. உள்ளே அவருடைய ஒரே மகன் நைஜல் இருந்தான். இருபத்தாறு வயது. ரந்தாவ் சாலையில், மழையில், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தவன். அந்த மோட்டாரை வாங்கிக் கொடுத்தவர் தேவதாஸ்.

நைஜல் விட்டுப்போனதில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கார்டுகள். டிராகன், பூதம், மந்திரவாதி, பாதி மனுஷன், பாதி ஆடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல்கட்டு மேசையில் அப்பனும் மகனும் இவற்றை மோதவிட்டு, அடுத்த லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கிற மாதிரி சண்டை போடுவார்கள். ஆட்டம் சுலபம். ஆளுக்கு இருபது கார்டு. ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பலம் அதிகமுள்ளது நிற்கும். மற்றது செத்து, கல்லறை என்ற குவியலில் போய்ச் சேரும். கையில் கார்டு தீர்ந்தவர் தோற்றவர்.

"அகதா, வா. ஒரு ஆட்டம் போடலாம்."

"என்ன ஆட்டம்?"

"நைஜல் ஆட்டம்."

அகதா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான் ஜெயிச்சா, சாயங்காலம் கல்லறைக்கு என்னைக் கூப்பிடக்கூடாது. இந்த வருஷம் மட்டுமில்ல. எப்பவுமே."

"நான் ஜெயிச்சா?"

தேவதாஸ் சிரித்தார். "நீ ஜெயிச்சா வர்றேன் லா."

"சரி. நீங்க பிரிச்சு வைங்க. இந்தச் சட்டியக் கழுவிட்டு வர்றேன்."

தேவதாஸ் பிரித்தார். எப்படிப் பிரித்தார் என்று சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் கதை போகும். செம்பனைக் குலையைத் தரம் பிரிப்பதுபோல் பிரித்தார். பழுத்தது, எடை உள்ளது தன் பக்கம். காய், அழுகல், எலி கடித்தது அகதா பக்கம். எடைமேடையில் பெரிய எண்ணை மட்டும் பார்த்தே காலத்தை ஓட்டிய மனுஷன். கார்டிலும் மூலையில் இருந்த பெரிய எண்ணைத்தான் பார்த்தார். ஒரு கார்டில் கூனல் விழுந்த ஒருவன் மண்வெட்டியோடு குந்தியிருந்தான். கல்லறைக் காவல்காரன். பலம் பூஜ்யம். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ எழுத்து. எறும்பைப் படிக்க யாருக்கு நேரம்? காவல்காரன் அகதா பக்கம் போனான்.

அகதா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் கார்டுகளை விரித்துப் பார்த்தாள்.

"என்னங்க, என் பக்கம் எல்லாமே நோஞ்சானா இருக்கு?"

"கண்ண மூடிக்கிட்டுப் பிரிச்சேன். உன் ராசி."

"ரெண்டு கண்ணையுமா?"

தேவதாஸ் டிராகன் ராஜாவை இறக்கினார். பலம் பன்னிரண்டு. அகதா ஒரு தவளையை இறக்கினாள். செத்தது. வௌவாலை இறக்கினாள். செத்தது. பாதி ஆடு, முழுசாகவே செத்தது.

"என்ன அகதா, குடும்பத்தோட போறாங்களே."

"போகட்டும்."

செத்த ஒவ்வொரு கார்டையும் அவள் கல்லறைக் குவியலில் ஓரம் சரிபார்த்து, நேராக அடுக்கினாள். தேவதாஸ் அதைக் கவனிக்கவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

"இன்னும் ஒண்ணுதான? சீக்கிரம் இறக்கு. எனக்குத் தூக்கம் வருது."

அகதா இறக்கினாள். மண்வெட்டியோடு கூனல் மனுஷன்.

"பூஜ்யம்," என்றார் தேவதாஸ்.

"கீழ எழுதியிருக்கறதப் படிங்க."

"கண்ணாடி இல்ல."

தோட்டத்துக் கிளினிக்கில் இருபது வருஷம் மருந்துப் போத்தல்களின் பொடி எழுத்தைப் படித்தவள் அகதா. அவளே படித்தாள். "கல்லறையில எத்தனை பேரு தூங்குறாங்களோ, அத்தனை பலம் இவனுக்கு."

தேவதாஸ் குவியலைப் பார்த்தார். பத்தொன்பது. டிராகன் ராஜா பன்னிரண்டு. ராஜா போய்ச் சேர்ந்தார். இப்போது காவல்காரன் இருபது. அடுத்து இறங்கிய பூதமும் போயிற்று. இருபத்தொன்று. அவர் ஆள் அனுப்ப அனுப்ப அவன் வளர்ந்தான். கடைசிக் கார்டும் விழுந்தபோது, முப்பத்தொன்பது பேர் பலத்தோடு மேசைமேல் தனியாகக் குந்தியிருந்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்? நைஜல்கூட இத ஒருநாளும் இறக்குனதில்லையே."

"அவனும் உங்கள மாதிரிதான், டிராகனத் தவிர எதையும் பார்க்க மாட்டான். அவன் போனப்புறம் நீங்க செம்பனைக்காட்டுக்குள்ள போய் உக்காந்துக்குவீங்க. நான் இங்க டின்னத் திறந்து ஒவ்வொண்ணாப் படிப்பேன். வேற என்ன வேலை எனக்கு?"

தேவதாஸ் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மோட்டார் வாங்கிக் குடுத்தது நான். எந்த முகத்தோட அங்க நிக்கிறது?"

"வாங்கிக் குடுங்கன்னு ஆறு மாசம் உங்க காதத் தின்னது யாரு? நான் போய் நிக்கலையா?"

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. அந்தப் பாவம் முழுசும் தன்னுடையது என்றுதான் தேவதாஸ் இவ்வளவு நாளும் கட்டிக்காத்தார். அதிலும் பாதியை அகதா ஜெயித்துவிட்டாள்.

தேவதாஸ் எழுந்தார். மகனிடம் போகிறவர் ஒழுங்காகப் போக வேண்டாமா?

"அந்த வெள்ளைச் சட்டைய எடு. நானே தேச்சுக்கிறேன்."

"வெள்ளை எதுக்கு? சிலுவைக்குப் பெயிண்ட் அடிச்சு அவன் பேர எழுதணும். லோரிக் கதவுல எவ்வளவு அழகா எழுதுவீங்க. அதான் வேற யாரையும் எழுத விடல."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினாள். உள்ளே பெயிண்ட், பிரஷ், அவருடைய கிழிந்த லோரிச் சட்டை.

"நேத்தே எடுத்து வச்சிட்டேன்."