வாசலோடு நின்றுபோன சர்ர்ர்

"ஏட்டி, எனக்குப் பின்னால யாரும் வாராங்களா?"

பண்பொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பரமசிவன் மனைவி மாரித்தாயிடம் கேட்டார். வலது காலை வைத்தால் 'சரக்'. இடது காலை வைத்தால் 'சர்ர்ர்' என்று யாரோ காலை இழுத்து வருகிற சத்தம். அவர் நின்ற பிறகும் அது ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் நின்றது.

"புது பேண்ட்டு ஒரசுது. பேசாம வாங்க."

பேசாமல் எப்படி வருவது? தொடை தீயாய் எரிந்தது. மகள் மஞ்சுவுக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போய், இந்தப் போலீஸ்கார மாப்பிள்ளையாவது அமையட்டும் என்று அவர் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள். கெத்தாய் இருக்கட்டுமே என்று வேட்டியை விட்டுவிட்டு, தென்காசி டெய்லர் பரீது கொடுத்த பேண்ட்டை மாட்டியதுதான் வினை.

டீக்கடைக்குப் பின்னால் போய்த் தேங்காய் எண்ணெய் தடவினார். துணி தொடையில் ஒட்டிக்கொண்டது. மாரித்தாயின் பவுடரைக் கொட்டினார். அது எண்ணெயில் குழைந்து, ஈரக்காலோடு யாரோ வருவதுபோல் சத்தம் மாறியது.

"அந்தக் காலு மட்டும் தொளதொளன்னு இருக்குல்லா!" என்று அவள் இடது பக்கம் ஊக்கு மாட்டினாள். ஊக்கு தொடையைப் பதம் பார்த்தது. இப்போது அவரே காலை இழுத்து நடந்தார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் கிடந்த கிழட்டு நாய் குரைக்காமல், வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது. பரமசிவன் அதை விலகி உள்ளே காலை வைத்தார்.

சரக்... சர்ர்ர்.

அடுக்களையில் தம்ளர் விழுந்து உருண்டது. மாப்பிள்ளையின் அம்மா வள்ளித்தாய் வெளிறிய முகத்தோடு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி... இன்னொரு தடவ நடங்க."

பெண்ணை நடக்கச் சொல்லிப் பார்ப்பதுண்டு. பெண்ணைப் பெற்றவனையுமா? தலைவிதியே என்று நடந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. மாரித்தாய் நீட்டிய மஞ்சுவின் போட்டோவை அவள் பார்க்கவே இல்லை.

"எங்களுக்குச் சம்மதம். நாள் குறிங்க."

பரமசிவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சந்தோஷத்தில் தொடை எரிச்சல்கூட மறந்துபோனது. வாசலைத் தாண்டி நடந்தார். சரக். சரக். அந்தச் 'சர்ர்ர்' மட்டும் கூட வரவில்லை. அப்போது போன் அடித்தது. பரீது.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே கலரு, பார்சல் மாறிட்டு. ஒங்க பேண்ட்டு இங்கனதான் கெடக்கு. நீங்க கொண்டுபோனது பண்பொழி வள்ளித்தாய் அக்கா தைக்கக் குடுத்தது. அவங்க வீட்டுக்காரர் இடது காலு வீங்கி இழுத்து இழுத்து நடப்பாருல்லா, நாளைக்கு அவருக்கு வருசத் திதி, படத்துக்கு முன்னால வச்சுப் படைக்கணும்னு அவரு அளவுக்கே தச்சது!"