ரோல்ஸ் மேசைக்குப் போன கூட்டம்

கூச்சக்காரனுக்குக் கோபம் வரக்கூடாது. மற்றவர்கள் நாலு வார்த்தை கத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். என்னைப் போன்றவன் அதை மாதக்கணக்கில் வயிற்றுக்குள் வைத்திருந்து, கடைசியில் மைக்கில் கொண்டுபோய்க் கொட்டுவான்.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் தமிழ்ச் சபை, யூதர்களுக்கு இயேசுவை அறிவிக்கும் ஒரு சின்ன ஊழியத்துக்கு உதவி செய்கிறது. எனக்கு அதில் தனிப் பிரியம். பைபிளை எங்களுக்குத் தந்த சனம் அது. அவர்கள் வீட்டிலிருந்து வந்த நல்ல செய்தியை அவர்களிடம் போய்ச் சொல்ல ஆள் வேண்டாமா? ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னால் போய்ச் சொல்ல முடியாது. இறைச்சி ரோல்ஸ் சுற்றிப் பொரித்து, விற்ற காசைக் கொடுக்க முடியும். நானும் மனைவி ரஞ்சியும் அதைத்தான் செய்கிறோம்.

போன வருடம் அந்த ஊழியக்காரர் ஆரோன், கோபன்ஹேகனிலிருந்து எங்களோடு பேச வந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து இயேசுவை விசுவாசித்தவர். கூட்டம் இரண்டு மணிக்கு, அவருடைய ரயில் ஐந்து மணிக்கு. ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. (கார் ஓட்டும்போது கதைக்கத் தேவையில்லை என்று நம்பி ஒப்புக்கொண்டேன்.)

எங்கள் ஆட்களின் கூட்டம் தெரியும்தானே. வரவேற்புரை. வரவேற்றவருக்கு நன்றியுரை. பிறகு செயலாளர் யோசப் அண்ணையின் தலைமையுரை. அதில் அவர் தான் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த கதையைத் தொடங்கினார். மணி நாலாகியும் ஜெர்மனியைத் தாண்டவில்லை. தமிழ் ஒரு சொல்லும் விளங்காத ஆரோன், மடியில் தாள்களோடு சிரித்தபடி இருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெல்லப் போய், "அண்ணை, அந்த மனுசன் கதைக்க வேணும்" என்றேன்.

"பொறு தம்பி, இப்பதான் முக்கியமான இடத்துக்கு வாறன்" என்றார், மைக்கிலேயே.

சபை சிரித்தது. (என்னைப் பார்த்து.)

மைக்கைப் பறித்துவிட்டேன்.

பறித்த பிறகுதான் தெரிந்தது, என்னிடம் பேச்சு இல்லை. நிறைந்த மண்டபம். வாய் திறக்கிறது, தமிழ் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று. நான் வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் தினமும் கத்துகிற வாக்கியம்.

"பௌசன் எர் ஸ்லுட்."

டேனிஷ் மொழியில், இடைவேளை முடிந்தது, எழும்பு என்று அர்த்தம்.

சபையில் பாதிப்பேர் அதே தொழிற்சாலை. அந்தச் சொல்லுக்குப் பழகிய கால்கள் தாமாகவே எழும்பின. அதைப் பார்த்து மிச்சப்பேரும் கூட்டம் முடிந்ததென்று எழும்பினார்கள். பின்வரிசை, நாங்கள் பின்னால் போட்டிருந்த ரோல்ஸ் மேசைக்கு நேரே போய்விட்டது. அன்று முழுக்க ஆரோனுக்கு விளங்கிய ஒரே வாக்கியமும் அதுதான். அவரும் பையைத் தூக்கினார்.

அதன்பிறகு ஒருவரையும் திரும்ப இருத்த முடியவில்லை. இவ்வளவு ருசியாக ரோல்ஸ் சுற்றிய எங்களையே நான் திட்டிக்கொண்டேன்.

காரில் ஆரோன்தான் கதைத்தார். "நான் சொல்ல வந்தது சின்ன விசயம். நான் விசுவாசித்த நாளிலிருந்து அம்மா எனக்குக் கதவு திறக்கவில்லை. இந்தப் பஸ்கா பண்டிகைக்குத் திறந்தார். மேசையில் எனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார். 'உன் இயேசுவைப் பற்றிச் சொல். ஆனால் சாப்பாடு ஆறுவதற்குள் முடி' என்றார். உங்கள் சபையின் ஜெபத்துக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

அடுத்த ஞாயிறு யோசப் அண்ணை என்னைப் பிடித்தார். "குழப்பினது நீ. அவர் சொன்னதை நீயே ஏறிச் சொல்லு."

ஏறிச் சொன்னேன். மூன்று நிமிடம் வந்திருக்காது. சபை அழுதது. யோசப் அண்ணை அதற்கு அரை மணி நேரம் நன்றியுரை சொன்னார்.

இப்போது வீட்டில் நான் எதற்காவது பொரிந்து தள்ளினால், மகள் போனிலிருந்து தலை எடுக்காமலே "பௌசன் எர் ஸ்லுட், அப்பா" என்கிறாள். வெட்கம் கெட்ட கால்கள் இன்னும் எழும்புகின்றன.

இந்த வருடமும் ஆரோன் வருகிறார். முதலில் அவரைப் பேச விடுங்கள் என்று யோசப் அண்ணையிடம் கேட்டேன்.

"வரவேற்காமல் எப்பிடித் தம்பி?"

ரஞ்சியோ, ஆரோன் பேசி முடியும்வரை ரோல்ஸைக் காருக்குள் வைத்துப் பூட்டப் போகிறாளாம்.