கொட்டாஞ்சேனைப் பேராலயத்தில் உங்கள் மருமகள்

மாம்புரி,
ஞாயிற்றுக்கிழமை.

மிலானில் இருக்கும் மதிப்புக்குரிய மர்சலின் மச்சானுக்கு,

ஆண்டவர் கிருபையில் நாங்கள் சுகம், கடலும் சுகம். உங்கள் முழங்காலுக்காகச் செபிக்கிறோம். வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்புவதை நீங்கள் பாதியில் நிறுத்திவிடுவதாகத் தங்கச்சி சொன்னதால் எழுதுகிறேன்.

வருடாவருடம் மிலான் பேராலயத்தின் முன் நின்று படம் அனுப்புகிறீர்கள். இனி என் முறை. கொழும்பில் தாதியர் படிப்புப் படிக்கும் உங்கள் மருமகள் அல்பொன்சா, போன ஞாயிறு கொட்டாஞ்சேனைப் பேராலயப் பாடகர் குழுவில் முதன்முதலாக ஏறினாள். மீன்பிடிகாரன் மகளுக்குப் பாட்டு எதற்கென்று நீங்கள் கேட்டதை நான் மறந்துவிட்டேன்.

காலடியை நெரிக்கும் புதுச் சப்பாத்தோடு முதல் பஸ்ஸில் ஏறி, சிலாபம் வரை நின்று, புறக்கோட்டையில் இறங்கி, முச்சக்கரவண்டிக்காரனிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "லொகு பல்லிய" என்றேன்; பெரிய கோயில் என்றுதான் நினைத்துச் சொன்னேன், சிங்களத்தில் பள்ளிவாசலுக்கும் அதே சொல்தானாம், அவன் பெரிய பள்ளிவாசல் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கே நின்ற அஹமட் என்றவரிடம் ஊரைச் சொன்னதும், "நான் கல்பிட்டி, நம்மட பக்கத்து ஆளு. ஏறுங்க நானா, பூசைக்கு முந்திக் கொண்டு விடுறேன்" என்று அண்ணன் முறை சொல்லித் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

உள்ளே அண்ணாந்து பார்த்தேன் மச்சான். நம் வள்ளத்தைப் பாயோடு நிறுத்தினாலும் அந்தக் குவிமாடத்தில் முட்டாது. முன்வரிசையில் இருந்தேன். பாடகர்கள் பின்னால், மேல் மாடத்தில். காணிக்கை நேரம் ஒரு குரல் தனியாக எழும்பியது. திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்று முன்னால் பார்த்தபடியே அழுதேன். பக்கத்து அம்மாவிடம், "அது என்ர மகள்" என்றேன்.

"ஓம் ஐயா, நல்ல குரல். கொஞ்சம் மெல்லமாக் கதையுங்கோ, சாமியார் பார்க்கிறார்."

பூசை முடிய ஏழு பேர் கைகொடுத்தார்கள். யார் பழக்கியது என்று ஒருவர் கேட்டார். "நாங்க வலை இழுத்து அம்பா பாடுற ஆக்கள், அது ரத்தத்தில இருக்கு" என்றேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். மிலான் கோயிலில் உங்கள் வீட்டார் யாரும் பாடினால் அறியத்தரவும்.

அன்பு மைத்துனன்,
இன்னாசிப்பிள்ளை

பி.கு.: விடுமுறைக்கு வந்த அல்பொன்சா இதை இப்போது வாசித்தாள். பாடியது வேறு பிள்ளையாம். இவளுக்கு அன்று தொண்டை கட்டிவிட்டதாம். பூசை முடிந்து நான் புகழ்ந்தபோது அவள் வாய் திறக்காததை அடக்கம் என்று நினைத்திருந்தேன். ஓர்கன் வாசித்தவருக்குப் பக்கத்தில் நின்று புத்தகத்தில் தாள் புரட்டினாளாம். எழுதியதையெல்லாம் வெட்டச் சொல்கிறாள். வெட்டமாட்டேன். அந்த ஓர்கன் ஓரிடத்திலும் தடக்கவில்லை மச்சான், நானே கேட்டேன்.