ஆறாம் வகுப்பு 'பி' பிரிவின் தீர்மானம்

பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமைப்படுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கதவைச் சாத்திக்கொள்ளலாம். பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறவன் எந்தக் கதவைச் சாத்துவான்? நான் என் மனைவி பூங்கொடியைப் பார்த்து ஒரு வருடம் முழுக்க வயிறெரிந்தவன். அவள் அழகைப் பார்த்தல்ல, சம்பளத்தைப் பார்த்தும் அல்ல (சம்பளம் என்ற ஒன்று அப்போது எங்கள் இருவருக்குமே கிடையாது). அவள் தூங்குவதைப் பார்த்து.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். சங்ககிரியில் லாரி கிளீனர், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை, குமாரபாளையத்தில் தறி, ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் என்று கைக்குக் கிடைத்த வேலையெல்லாம் செய்து, எல்லாவற்றையும் பாதியில் விட்டேன். ஆறு மாதத்துக்கு மேல் நின்றது போர்வெல் போடும் ரிக் வண்டியில் மட்டும்தான். அதுவும் வண்டி ஓரிடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததால். இடையிடையே பிரைவேட்டாகப் பன்னிரண்டாம் வகுப்பும் தபால் வழியில் வரலாறும் எழுதித் தேறினேன். எப்படித் தேறினேன் என்று இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை, நானும் கிளறவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு பூங்கொடி, "ஏனுங்க, நான் பி.எட். சேரப்போறேன். நீங்களும் சேருங்க. இதையாவது முழுசா முடிங்க" என்றாள். அவளும் வரலாறுதான், ஆனால் காலேஜுக்குப் போய் ஒழுங்காகப் படித்த வரலாறு. இருவரும் நாமக்கல் பக்கம் ஒரே கல்லூரியில் சேர்ந்தோம். "இதை மட்டும் பாதியில விட்டா என்னையக் கேளு" என்று மாமனார் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சத்தியம் செய்தேன். மாமனார் இருமினார்.

ஆசிரியர் பயிற்சி என்றால் குழந்தைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நிஜத்தில் அது நோட்டுப் புத்தகங்களோடு நடத்தும் மல்யுத்தம். தினமும் பாடத்திட்டம் எழுத வேண்டும், அதற்கு நான்கு நிறத்தில் கோடு போட வேண்டும். உளவியல் ரெக்கார்டு, ஆல்பம், சார்ட்டு, மின்னட்டை (ஃபிளாஷ் கார்டுதான்), இது போதாதென்று சக மாணவர் பாடம் நடத்துவதைப் பார்த்துக் குறிப்பெழுதும் ரெக்கார்டு. இதில் நான் விடியற்காலையில் கோழிப்பண்ணைக்குப் போய் லாரியில் முட்டைத் தட்டு ஏற்றிவிட்டு வருவேன். வந்து குளித்து, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களை நான்கு மாதப் பயிற்சிக்குப் போட்டிருந்த நடுநிலைப்பள்ளிக்கு ஓடுவேன். அங்கே பயிற்சி ஆசிரியர்கள் வகுப்பில் உட்காரக் கூடாது. நாற்காலி நிரந்தர ஆசிரியருக்கு. நாங்கள் நிற்க வேண்டும். முதல் மணி முதல் கடைசி மணி வரை நின்றோம்.

மூன்றாவது மாதத்தில் களைப்பில் நான் கழன்றுவிட்டேன். வலி கிலி ஒன்றும் இல்லை, ஆள்தான் இல்லை. சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு சாக்பீஸ் தேடினேன். பண்ணையில் முட்டைத் தட்டுகளைப் பார்த்து, "எல்லாரும் அமைதியா உட்காருங்க" என்றேன் (அவை உட்கார்ந்தன, பள்ளியைவிட அங்கே ஒழுங்கு அதிகம்). படுத்தால் தூக்கம் வராது. கண்ணை மூடினால் நான்கு நிறக் கோடுகள் வரும். கல்லூரியில் 'ஆசிரியரின் மனச்சோர்வும் அதைக் களையும் வழிகளும்' என்று ஒரு கட்டுரை கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி, நண்பர்களுடன் உரையாடல் என்று பத்து வழி எழுதினேன். எழுதி முடிக்க இரண்டு நாள் தூங்கவில்லை.

பூங்கொடிக்கோ ஒன்பது மணி என்றால் தூக்கம். ரெக்கார்டு முடியாவிட்டால் முடியாத இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். நான்கு நிறம் கேட்டால் இரண்டு நிறத்தில் கோடு போடுவாள்.

"மீதி ரெண்டு கலரு எங்கன்னு கேட்டா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தீந்துபோச்சுன்னு சொல்லிப்போட்டு வருவேன். கலருக்கா மார்க்கு? புள்ளைங்களுக்குப் புரியறதுக்குத்தானுங்க மார்க்கு."

மார்க்கும் கொடுத்தார்கள்! அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் நடத்திய ஆறாம் வகுப்பு 'பி' பிள்ளைகள் அவளுக்குக் கொய்யாக்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் நடத்திய ஆறு 'ஏ' பிள்ளைகள் எனக்குக் கொடுத்தது வருகைப் பதிவேடு மட்டும், அதுவும் கேட்டால்தான். சக மாணவர் ரெக்கார்டில் அவள் வகுப்பைப் பற்றி நான் எழுதினேன்: 'குரல் சற்றே அதிகம். சிரிப்பு தேவைக்கு மேல்.' அவள் என் வகுப்பைப் பற்றி எழுதியது: 'பொறுமையானவர்.' அதைப் படித்து அன்று முழுக்க எரிந்தேன். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, நாங்கள் பாடம் நடத்துவதைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். அதில் தவறினால் ஒரு வருடம் போச்சு. எனக்கு ஆறு 'ஏ', அட்சக்கோடு, தீர்க்கக்கோடு. அதற்காகப் பலூன் மேல் பேப்பர் ஒட்டி ஒரு பூமி உருண்டை செய்தேன். காய்ந்ததும் அது நடுவில் சுற்றிலும் விரிசல் விட்டது. மூன்று நாள் பசை தடவினேன். பூமி மூடவில்லை.

பூங்கொடிக்கு ஆறு 'பி', உள்ளாட்சி அமைப்பு. வகுப்பையே கிராம சபையாக மாற்றி நாடகம் போல நடத்தப் போகிறாள். இரண்டு வாரமாகப் பிள்ளைகள் மதிய வேளையில் பயிற்சி எடுத்தார்கள். ஊராட்சித் தலைவராக ஹரிணி என்ற பெண், இரட்டைச் சடை, கணீரென்ற குரல். எல்லாம் பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள். ஆசிரியர் ஓரமாக நின்றால் போதும்.

தேர்வு அன்று காலை ஆறு 'பி' பக்கமாக நடந்தேன். வகுப்பின் நடுவில், தலைமை ஆசிரியர் அறையிலிருந்து கொண்டுவந்த நாற்காலி. கைப்பிடி வைத்த, பின்னால் சாயக்கூடிய, மெத்தை போட்ட நாற்காலி. அதற்கு நேர் மேலே மின்விசிறி. அந்த நாற்காலியைப் பார்த்ததுபோல் நான் என் கல்யாணப் பெண்ணைக்கூடப் பார்த்ததில்லை.

வராந்தாவில் பட்டியலோடு நின்றிருந்த எங்கள் விரிவுரையாளரிடம் போனேன்.

"சார், என்ர வகுப்பையும் அவங்க வகுப்பையும் மாத்திக்கறமுங்க."

"பூங்கொடி ஒத்துக்கிச்சா?"

"அவங்கதானுங்க சொன்னாங்க." (பொய் எண் ஒன்று.)

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள நான் வரலப்பா" என்று பட்டியலில் அடித்து எழுதினார்.

அந்த நேரத்தில் பூங்கொடி மைதானத்தில் யாரோ ஒரு பிள்ளைக்குச் செருப்பு வார் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டாவது பீரியட், அவளுக்கு மூன்றாவது. நான் ஆறு 'பி'க்குள் நுழைந்தேன். பின்பெஞ்சில் தேர்வாளர் அம்மா, மூக்குக் கண்ணாடி, மடியில் மதிப்பெண் தாள்.

"மிஸ் எங்கீங்க சார்?" என்றது வகுப்பு.

"மிஸ்தான் என்னையை அனுப்பிச்சாங்க. ஆரம்பிக்கலாம்." (பொய் எண் இரண்டு.)

ஹரிணி கம்பீரமாக நாற்காலியை நோக்கி நடந்தாள். நான் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அது என்ர சீட்டுங்க சார்."

"இன்னைக்கு நாந்தான் தலைவர் சாமி. நீ செயலர். தீர்மானத்தையெல்லாம் நோட்டுல எழுதோணும், அதுதான் பெரிய வேலை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமனார் இருமியது நினைவுக்கு வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

"கிராம சபை தொடங்குகிறது" என்று அறிவித்தேன். ஒரு பையன் எழுந்து, "தலைவர் அவர்களே, எங்க தெருவுல குடிநீர்..." என்று ஆரம்பித்தான். நான்கு மாதத்தில் முதன்முறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். முதுகு சாய்ந்தது. மேலே காற்று. 'குடிநீர்' வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

முதலில் பிள்ளைகள் அதை நடிப்பு என்று நினைத்திருக்கிறார்கள். "தலைவர் யோசிக்கறாருங்க" என்று ஹரிணி சமாளித்திருக்கிறாள். குடிநீர் முடிந்து தெருவிளக்கு வந்தபோது நான் குறட்டை விட்டிருக்கிறேன். சபையில் சலசலப்பு.

"தலைவர் நெசமாலுமே தூங்கறாருடா!"

"எழுப்பலாமா?"

"வேண்டாம், பாவம். எங்கப்பாவும் நைட் ஷிப்ட்டுக்குப் போயிட்டு வந்தா இப்படித்தான். எழுப்புனா கத்துவாரு."

"அப்ப தீர்மானத்துக்கு யாரு கையெழுத்துப் போடறது?"

இந்த நெருக்கடியில் செயலர் எழுந்து நின்று ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். வகுப்பே கை தூக்கியது. ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் விழித்தேன். துள்ளி எழுந்து, எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல், கணீரென்று கேட்டேன்:

"இன்னும் எத்தனை தட்டுங்க?"

வகுப்பு சிரித்த சிரிப்பில் ஆறு 'ஏ'வும் ஏழாம் வகுப்பும் ஜன்னலுக்கு வந்துவிட்டன. தேர்வாளர் அம்மா சிரிக்கவில்லை. நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியதை விரிவுரையாளர் பிறகு எனக்குக் காட்டினார்: 'மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு. ஆசிரியர் பங்கேற்பு இல்லை.'

வெளியே வந்தால் வாசலில் பூங்கொடி, கையில் வார்டு உறுப்பினர் பேட்ஜுகளோடு. விரிவுரையாளர் அவளிடம், "உனக்கு ஆறு 'ஏ'தானேம்மா? மாத்திக்கிட்டீங்களாமே?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். காட்டிக்கொடுப்பாள் என்று நினைத்தேன். கையை நீட்டினாள்.

"அந்த உருண்டையக் குடுங்க."

ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உருண்டையைத் தூக்கிப் பிடித்து, "நடுவால ஒரு கோடு தெரியுதா? பூமிய ரெண்டாப் பிரிக்குது பாருங்க. இதும் பேரு என்ன?" என்றாள். என்னிடம் நான்கு மாதம் வாயைத் திறக்காத ஆறு 'ஏ' ஒரே குரலில் கத்தியது: "பூமத்திய ரேகை!" மூன்று நாள் பசை தடவி நான் மறைக்கப் பார்த்த விரிசல் அது. கடைசி பெஞ்சில் தேர்வாளர் அம்மா முதல்முறையாகச் சிரித்தார். வெட்கப்பட வேண்டிய அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். உண்மையைச் சொல்கிறேன்.

மதியம் விரிவுரையாளர் காதோடு சொன்னார்: "உனக்கு அடுத்த வருஷந்தாம்ப்பா."

நான் அதிகம் யோசிக்கவில்லை. ஓடுகிறவனுக்கு அது பழகிய வேலை. வீட்டுக்குப் போய்ப் பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்து நின்றேன். ஏதாவது ஒரு லாரி ஏற்றிக்கொள்ளும். ரிக் ஆட்கள் எங்கே இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு லாரிகள் நிற்காமல் போயின. மூன்றாவது வேகத்தைக் குறைத்தபோது, பின்னால் பூங்கொடியின் குரல்.

"ஏனுங்க, எங்க கெளம்பிட்டீங்க?"

"எங்கியோ. நான் உனக்குப் பண்ணுனதுக்கு..."

"என்ர கிளாஸைத் திருடுனீங்க. சரி. திருடறவன் சித்த முழிச்சிருக்க வேண்டாமுங்களா?"

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "அண்ணா, நீங்க போங்க. இவரு வரலைங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, மடித்த நோட்டுத் தாள் ஒன்றை என் கையில் கொடுத்தாள். உருண்டை உருண்டையான எழுத்தில் இருந்தது:

'ஊராட்சித் தலைவர் அவர்கள் மிகவும் களைப்பாக இருப்பதால் அவருக்கு ஒரு வாரம் விடுப்பு வழங்க இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. அதுவரை செயலரே தலைவர்.' கீழே வகுப்பு முழுவதும் கையெழுத்து. ஒருவன் இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாகப் போட்டிருந்தான்.

"ஒரு வாரம் லீவுன்னு போட்டிருக்குது," என்றாள் பூங்கொடி. "ஓடிப்போறதுன்னு எங்கீங்க எழுதியிருக்குது? காட்டுங்க பாக்கலாம்."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

ஒரு வாரம் தூங்கினேன். சாப்பிட எழுந்தேன், மறுபடி தூங்கினேன். முட்டை லாரிக்கு இனி நான் வரமாட்டேன் என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எட்டாவது நாள் எழுந்து, சாக்பீஸ் எங்கே என்று கேட்டேன். காதில் இல்லை. அடுத்த வருடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு நின்று மறுபடி தேர்வு எழுதினேன். ஒரு நிறத்தில்தான் கோடு போட்டேன். தேறினேன். சுமாராகத்தான்.

இப்போது பூங்கொடி அரசுப் பள்ளியில், நான் ஒரு சின்னத் தனியார் பள்ளியில். அவளுக்கு இன்னும் கொய்யாக்காய் வருகிறது. எனக்கு எப்போதாவது புளியங்காய். வீட்டில் என் பெயர் 'தலைவர்' என்று ஆகி வெகுகாலம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சற்று அதிகம் தூங்கினால் மச்சினன் போனில், "தலைவர் யோசிக்கறாருங்களா?" என்று கேட்பான். மாமனார்கூட இருமுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்.

போன மாதம் சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் நானும் பூங்கொடியும் நின்றிருந்தோம். கல்லூரிப் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி நேராக எங்களிடம் வந்தாள். சடை ஒன்றாகியிருந்தது. குரல் மட்டும் அதே கணீர்.

"மிஸ், நல்லாருக்கீங்களா?" என்றவள் என் பக்கம் திரும்பி, பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கும்படி, "தலைவரே, லீவு முடிஞ்சுதுங்களா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பூங்கொடி சொல்லிவிட்டாள்:

"எங்க சாமி, நீட்டிச்சுக்கிட்டே போறாரு. ஊட்டுல இன்னும் செயலர் ஆட்சிதான்."